குடோன் வேலைதானே என்று தயங்கும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

பி.காம். இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், பன்னாட்டு நிறுவனங்களில் சரக்கு இருப்பு மேலாண்மை வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "கடைசியில் குடோனில் பெட்டி எண்ணுவதற்கா இவ்வளவு படிப்பு?" என்று வீட்டில் எல்லோரும் கலங்குகிறீர்கள். அவள் ஆசையில் தப்பில்லை. அந்த வேலையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் தொழிற்சாலை. கொரியாவிலிருந்து வரும் ஒரு பாகம் நாளுக்கு 200 தேவை என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் போட்டதிலிருந்து கப்பல், துறைமுகம், சுங்கம் எல்லாம் தாண்டி ஸ்டோர்ஸுக்கு வந்து சேர 30 நாள். அப்படியானால் கையிருப்பு 6,000-க்கு இறங்கும்போதே அடுத்த ஆர்டர் போயாக வேண்டும். கப்பல் பத்து நாள் தாமதமாகலாம் என்று பயந்தால் இன்னும் 2,000 கூடுதலாக வைக்க வேண்டும். இதுதான் சேஃப்டி ஸ்டாக். பாகம் ஒன்று 1,500 ரூபாய் என்றால், அந்தக் கூடுதலில் மட்டும் 30 லட்சம் முடங்குகிறது. வைத்தால் வட்டியும் இடவாடகையும் ஏறும். வைக்காமல் விட்டால் ஒரு நாள் உற்பத்தி லைனே நின்றுபோகும். எவ்வளவு வைப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்வது மெட்டீரியல் பிளானரின் வேலை. உங்கள் மகள் போக நினைப்பது அந்த நாற்காலிக்கு.

இந்தக் கணக்கு எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. கையிருப்பைக் குறைப்பதற்குப் பேர்போன டொயோட்டா, 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் அடிபட்ட பிறகு, காரின் மின்னணுப் பாகங்களுக்கான சிப்களை மட்டும் சில மாதங்களுக்குச் சேர்த்து வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021 தொடக்கத்தில் சிப் கிடைக்காமல் மற்ற கார் கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்தியபோது அது ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியை வெட்ட வேண்டி வந்தது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும், ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. திருப்பூர்ச் சரக்கு போய்ச் சேரவும் கூடுதல் நாள் பிடித்தது. இப்படி லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேரும் காலம், மாறியதைக் கவனித்து, பழைய எண்ணைத் திருத்துகிறவருக்குத்தான் கம்பெனியில் மதிப்பு.

பி.காம். படித்தவள் என்பது இதில் அவளுக்குப் பெரிய பலம். ஆண்டில் விற்ற சரக்கின் அடக்கவிலை 12 கோடி, சராசரி இருப்பு 2 கோடி என்றால் இருப்பு ஆறு முறை சுழல்கிறது, அதாவது சரக்கு சுமார் 61 நாள் தங்குகிறது. இதை அவள் ஏற்கெனவே படித்திருப்பாள். வெளிநாட்டு வணிகத்தில் இதற்கு மேலும் சில சிக்கல்கள் உண்டு. எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தரும் வரை விற்பவர் பொறுப்பு) ஒப்பந்தமானால், ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றியதுமே சேதத்தின் பொறுப்பு வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. நடுக்கடலில் இருக்கும் கன்டெய்னரையும் பொதுவாக அவர் தன் இருப்பில் காட்ட வேண்டியிருக்கும். கடைசியாக வந்த சரக்கே முதலில் போனதாக விலை போடும் லைஃபோ முறையை அமெரிக்கக் கணக்கியல் அனுமதிக்கிறது. சர்வதேச விதியும் நம் நாட்டு விதியும் அனுமதிப்பதில்லை. தலைமையகம் அமெரிக்காவிலும் கிளை சென்னையிலும் இருந்தால், ஒரே சரக்குக்கு இரண்டு மதிப்பு வரலாம். இது புரிந்த ஆட்கள் குறைவு.

உடனே எம்.பி.ஏ. சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் ஏதாவது ஏற்றுமதி நிறுவனத்திலோ தொழிற்சாலையிலோ இரண்டு ஆண்டு வேலை பார்க்கட்டும். கம்ப்யூட்டரில் 480 என்றும் ராக்கில் 455 என்றும் இருந்தால் அந்த 25 எங்கே போனது என்று தேடிப் பழக வேண்டும். சரக்கு வரவு பதியாததா, கழிவான சரக்கை (ஸ்கிராப்) எழுதாததா, ராக்கில் வேறு அறையில் வைத்ததா? இதை வகுப்பறையில் கற்றுத்தர முடியாது. எக்ஸெலில் நல்ல கை வேண்டும், எஸ்.ஏ.பி. என்ற நிறுவன மென்பொருள் வேலையிடத்தில் பழகிவிடும். ஏ.எஸ்.சி.எம். என்ற சப்ளை செயின் அமைப்பு, திட்டமிடலுக்கும் இருப்பு மேலாண்மைக்கும் தரும் சி.பி.ஐ.எம். சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, ஆனால் செலவு அதிகம். சம்பளம் வரத் தொடங்கியபின் எழுதட்டும்.

சிரமங்களையும் மறைக்கவில்லை அம்மா. வருடக் கடைசி ஸ்டாக் எடுப்பின்போது நேரம் பார்க்க முடியாது. அமெரிக்க அலுவலகத்துடன் இரவில் பேச வேண்டியிருக்கும். ஷிப்ட் எப்போது, கம்பெனி பஸ் வீட்டருகே வருமா என்பதை வேலையில் சேருமுன் கேட்டுவிடுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

எம்.பி.ஏ.வே முதலில் என்று நீங்கள் முடிவு செய்தால், கல்லூரியில் இரண்டு கேள்வி கேளுங்கள். பாடம் நடத்துபவர்களில் எத்தனை பேர் தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்தவர்கள்? சென்ற ஆண்டு மாணவர்கள் எந்த நிறுவனத்தில், எத்தனை வாரம் இன்டர்ன்ஷிப் செய்தார்கள்? பதில் தெளிவாக வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.