இதய நோயே இல்லாத பெண்களுக்கும் திடீர் இதய மரணம் வருமா? யாருக்கு ஆபத்து அதிகம்?

வரும். இதயப் பிரிவில் நர்ஸாக இருப்பதால் எழுதுகிறேன். அட்மிஷன் போடும்போது "ஏற்கெனவே இதய நோய் உண்டா?" என்று கேட்போம். கூட வந்தவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் இதுதான்: "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர், பிரஷரும் சுகரும் மட்டும்தான்."

அமெரிக்காவில் 1976இல் 1,21,700 நர்ஸ்களைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் அனுப்பி, உடல்நிலையை விசாரித்துக்கொண்டே வந்தார்கள். 22 ஆண்டுகளில் அவர்களில் 244 பேர் திடீர் இதய மரணம் அடைந்தார்கள். 69 சதவீதம் பேருக்கு அதற்கு முன் இதய நோய் என்ற பேச்சே இல்லை. ஆனால் 94 சதவீதம் பேரிடம் இதய நோய்க்கு இட்டுச்செல்லும் காரணம் ஒன்றாவது இருந்திருக்கிறது. பிரஷர், சுகர், புகைப்பழக்கம் மூன்றும் தனித்தனியே ஆபத்தை இரண்டரை முதல் நான்கு மடங்கு வரை கூட்டின. ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு இருக்கும் ஆபத்தும் ஏறக்குறைய அதே அளவுதான்! பெற்றோருக்கு 60 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தாலோ உடல் பருமன் இருந்தாலோ 1.6 மடங்கு. ஆகவே சுகர் மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டு "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

அப்புறம், அதிகம் பேசப்படாத இன்னொன்று. இசிஜியில் 'கியூடி' என்று ஓர் இடைவெளியை அளப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்சார ரீதியாகப் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம் அதில் தெரியும். பெண்களுக்கு இது இயல்பாகவே சற்று நீளம். கிருமித்தொற்றுக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் புளூகோனசோல், வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் போன்ற சில மருந்துகள் அதை இன்னும் நீட்டும். பேதியாகிப் பொட்டாசியம் இறங்கியிருக்கும்போது இவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால், துடிப்பு தாறுமாறாகி ஆளே சரியலாம். எல்லாருக்கும் இப்படி ஆகாது. அதற்காக டாக்டர் எழுதியதை நிறுத்தவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாக வாங்கிப் போடாமல், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் காட்டினால் போதும்.

சிலருக்கு இந்தக் கியூடி இடைவெளி பிறவியிலேயே நீண்டிருக்கும். அவர்களில் ஒரு வகையினர் அலாரம், போன் மணி மாதிரி திடீர்ச் சத்தத்தில் மயங்கி விழுவார்கள். வீட்டில் வலிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். குழந்தை பிறந்த பிறகான மாதங்களில் இவர்களுக்கு ஆபத்து கூடும். குடும்பத்தில் இளவயதில் யாராவது காரணம் தெரியாமல் இறந்திருந்தால், மயக்கம் வரும் பெண்ணுக்கு இசிஜி எடுக்காமல் விடாதீர்கள்.

யாராவது சரிந்து, கூப்பிட்டும் பேசாமல், சரியாக மூச்சும் விடாமல் கிடந்தால் 108க்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம். பொது இடத்தில் பெண் விழுந்தால் தொடத் தயங்கி நிற்கிறார்கள். தயங்க வேண்டாம், புடவைக்கு மேலேயே அழுத்தலாம்.