விபத்தில் அடிபட்டவரிடம் ஆஸ்பத்திரியிலேயே வக்காலத்துக் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

போடாதீர்கள். வக்காலத்து என்பது உங்கள் சார்பில் கேஸ் நடத்த வக்கீலுக்கு நீங்கள் எழுதித் தரும் அதிகாரம். உங்கள் அண்ணனுக்குக் கால் ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஒருவர் வார்டுக்கு வந்து, "செலவெல்லாம் எங்களுது, வர்றதுல முப்பது பர்சென்ட் மட்டும்" என்று ஃபாரத்தை நீட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அநேகமாக வக்கீலே இல்லை, புரோக்கர்.

வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதி 36-ன்படி வக்கீல் தானாகவோ ஆள் வைத்தோ கேஸ் பிடிக்கக் கூடாது. விதி 20-ன்படி வருகிற தொகையில் பங்கு பேசக் கூடாது. உங்களிடம் பேசிய அந்த ஒரு வரியிலேயே இரண்டும் மீறப்பட்டிருக்கின்றன. "யாருங்க இப்ப பர்சென்டேஜ் வாங்காம பண்றாங்க?" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: தெரியும். நேர்மையாக ஃபீஸ் பேசி நடத்துகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை.

நீட்டுகிற காகிதங்களைப் பாருங்கள். வக்காலத்தில் வக்கீல் பெயர், பதிவு எண், கோர்ட், தேதி எல்லாம் காலியாக இருக்கும். விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர் என எங்கே வேண்டுமானாலும் கிளைம் போடச் சட்டம் இடம் தருவதால், இரண்டு பேரிடம் கையெழுத்துப் போட்டால் ஒரே விபத்துக்கு இரண்டு ஊரில் எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) விழும். இன்சூரன்ஸ் வக்கீல் அதைக் கண்டுபிடித்தால் உண்மையான காயத்தையும் சந்தேகப்படுவார். அடுத்தது பேங்க் ஃபாரம். இழப்பீடு இப்போது பாதிக்கப்பட்டவர் கணக்குக்கே போக வேண்டும் என்பதால், புதுக் கணக்கு தொடங்கித் தன் மொபைல் நம்பரைக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட செக்குகளையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஓ.டி.பி. உங்களுக்கு வரவே வராது.

ஏற்கெனவே போட்டாயிற்றா? வக்காலத்தை ரத்து செய்வதாக ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். கேஸ் தாக்கலாகிவிட்டால் புது வக்கீலுக்குப் பழையவரின் சம்மதம் வேண்டும். அவர் தர மறுத்தால் கோர்ட்டிடம் அனுமதி கேட்கலாம். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது. 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அவசரமில்லை, ஆனால் அசட்டையும் வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், கிளைம் போட விபத்து நடந்ததிலிருந்து ஆறு மாதக் கெடு வைக்கிறது. ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்களின் ஒரிஜினல், சம்பளச் சான்று எல்லாம் சேர்த்து வையுங்கள்.

உண்மையில் போலீஸே 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவம் 2-ஐப் பத்து நாளில் உங்களிடம் தர வேண்டும். எத்தனை ஸ்டேஷனில் அந்தப் படிவத்தைக் கண்ணில் காட்டுகிறார்கள்? புரோக்கருக்கு மட்டும் உங்கள் நம்பர் அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது.

புகார் கொடுப்பதானால் வக்கீல் சட்டம் பிரிவு 35-ன் கீழ் மாநில பார் கவுன்சிலுக்கு. தமிழ்நாட்டில் அது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அங்கே புரோக்கர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது, வக்கீல் பெயர் வேண்டும். அதனால் விசிட்டிங் கார்டை வாங்கி வையுங்கள். ஃபாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் காலியாக இருந்தாலும் அடியில் ஆபீஸ் முத்திரை இருக்கக்கூடும்.