எழுபது பெரிதா, அறுபது பெரிதா?

அன்புள்ள சார்,

என் மகள் நரம்பு மருந்தியலில் பிஎச்டி சேரப்போகிறாள். கைடாக இரண்டு பேரை மனதில் வைத்திருக்கிறாள். ஒருவருக்கு நானூறு கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் எழுபதைத் தாண்டும். இன்னொருவர் மொத்தமாக எழுதியதே அறுபது கட்டுரைதான். மகளுக்கு இரண்டாமவர் மேல்தான் நாட்டம். எனக்கு எண்களைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. இவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எச்-இண்டெக்ஸ் எழுபது என்றால், எழுபது தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் எழுபது இருக்கின்றன என்று பொருள். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு. ஆள் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தாலும் இது ஏறும். அதனால் முதலில் இருவரின் வயதையும் விசாரியுங்கள்.

உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையை எழுதியவர் உங்கள் மகளின் துறைக்காரர்தான். ஆலிவர் லோரி, மருந்தியல் பேராசிரியர். ஒற்றை நரம்புச் செல்லை எடைபோட குவார்ட்ஸ் இழையில் தராசு செய்த மனிதர். ஆனால் மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் வாங்கியது அந்த வேலை அல்ல. கரைசலில் புரதம் எவ்வளவு என்று அளக்க 1951இல் அவரும் கூட்டாளிகளும் எழுதிய செய்முறை. ரசாயனம் சேர்த்ததும் கரைசல் நீலமாகும்; நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம், அவ்வளவுதான் விஷயம். அது ஒன்றும் பெரிய கட்டுரை இல்லை என்று லோரியே சொல்லியிருக்கிறார். உள்ளூர ஒரு குஷி உண்டு என்பதையும் மறைக்கவில்லை. (புத்தக விற்பனைக் கணக்கை அடிக்கடி எட்டிப் பார்க்கும் எனக்கு அந்தக் குஷி நன்றாகவே புரிகிறது.)

இன்னொரு பக்கம் அர்விட் கார்ல்சன், ஸ்வீடனின் மருந்தியலாளர். சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். காது தொங்கி, அசைவில்லாமல் கிடந்தன. மூளையில் டோபமைனாக மாறும் டோபாவை ஊசியில் ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் காதை நிமிர்த்தி நடமாட ஆரம்பித்துவிட்டன. 1957இல் நேச்சர் இதழில் இது ஒரே பக்கத்தில் வந்தது. 1960இல் லண்டன் கூட்டத்தில் துறைப் பெரியவர்கள் பலர், டோபமைன் மூளையில் செய்தி கடத்தும் பொருள் என்ற கதையை நம்பவில்லை. நோபல் வந்தது 2000இல். இன்றைக்கு டோபமைன் பற்றி எழுதுகிற பலரும் அந்த ஒரு பக்கத்தை நினைத்து மேற்கோள் போடுவதில்லை, பாடப்புத்தகத்தில் கரைந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1931இலேயே, சர்ப்பகந்தா மனநோய்க்கு உதவுகிறது என்று எழுதிய கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரையும் எந்த எண் எட்டிப் பிடிக்கும்?

தப்பான வேலைக்கும் மேற்கோள் விழும். அல்சைமர் பற்றி 2006இல் நேச்சரில் வந்த ஒரு கட்டுரையை, படங்களில் கைவைத்திருந்தது தெரிந்து 2024இல் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேல் மேற்கோள்கள் சேர்ந்துவிட்டன.

இதனால் நானூறு கட்டுரைக்காரரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. பெரிய லேப் நடத்துபவருக்கு எண் பெரிதாகத்தான் இருக்கும். அதிகம் மேற்கோள் வாங்கிய பத்துக் கட்டுரைகளை மட்டும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை ரிவ்யூ (பிறர் வேலையைத் தொகுத்துச் சொல்வது), எத்தனை செய்முறை, எத்தனை ஐம்பது பேர் சேர்ந்து எழுதியவை? மிஞ்சுவதில் அவர் புதிதாக என்ன கண்டுபிடித்தார்?

அப்புறம், பெயர் வரிசை. இந்தத் துறையில் பெரும்பாலும் முதல் பெயர் சோதனை செய்த மாணவருடையது, கடைசிப் பெயர் லேப் தலைவருடையது. மூளையில் ஓபியம் வகை மருந்துகள் போய் ஒட்டும் ஏற்பியைக் காட்டிய 1973ஆம் வருடக் கட்டுரையில் முதல் பெயர் கேண்டஸ் பெர்ட், அடுத்தது அவருடைய கைடு சாலமன் ஸ்னைடர். 1978இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது ஸ்னைடருக்கும் வேறு இருவருக்கும் போனது. பெர்ட் வெளிப்படையாகவே சண்டை போட்டார். மேற்கோள் கணக்கில் இருவருக்கும் சம பங்குதான். அங்கே இந்தச் சண்டை தெரியாது.

உங்கள் மகள் அந்த முதல் பெயராகத்தான் போகிறாள். இரண்டு பேரின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளிலும் முதலில் இருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதட்டும். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், சொந்தமாக ஏதாவது எழுதுகிறார்களா என்று தேடட்டும். அதில் இரண்டு பேருக்கு மின்னஞ்சல் போட்டு, அனுப்பிய வரைவைக் கைடு எத்தனை நாளில் படித்துத் திருப்பிக் கொடுப்பார் என்று கேட்கட்டும்.