கி.பி. 537 முற்றுகையில் கோத்துகள் (அப்போது இத்தாலியை ஆண்ட ஜெர்மானிய இனத்தார்) கால்வாய்களை உடைத்த பிறகு ரோம் நகரத்துக்கு மாவு எப்படிக் கிடைத்தது?

டைபர் ஆற்றில் படகுகளை நிறுத்தி அவற்றின் மேல் அரைத்தார்கள். ரோமைக் காத்த கிழக்கு ரோமப் பேரரசின் தளபதி பெலிசாரியஸின் உதவியாளராக அங்கேயே இருந்த வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் இதை விவரமாக எழுதியிருக்கிறார். முற்றுகையிட்ட கோத்துகள் 1,50,000 பேர் என்ற அவருடைய கணக்கைத்தான் அப்படியே ஏற்க முடியாது. ஆலை பற்றிய பகுதியைத் தாராளமாக நம்பலாம்.

537 மார்ச்சில் கோத்து அரசன் விட்டிகஸ் நகருக்கு வரும் நீர்க்கால்வாய்களை உடைத்தான். முந்தைய ஆண்டு நேப்பிள்ஸைப் பிடித்தபோது பெலிசாரியஸின் வீரர்கள் வறண்ட கால்வாய் வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்தார்கள். அதே வழியில் எதிரி வந்துவிடக் கூடாதென்று ரோமில் கால்வாய் வாய்களை அவர் கல் வைத்து அடைத்தார். குடிக்க ஆறும் கிணறும் இருந்தன. குளியல்கூடங்களை மூட வேண்டியதாயிற்று. பெரிய அடி ஜானிக்குலம் குன்றில்தான் விழுந்தது. ஊருக்கு மாவு தந்த ஆலைகள் அங்கே கால்வாய்த் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தன. கால்நடைகளைப் பூட்டி அரைக்கவும் வழியில்லை, இருந்த தீவனம் குதிரைகளுக்கே போதவில்லை.

டைபர் ஆற்றுப் பாலம் ஒன்றுக்குச் சற்றுக் கீழே, நீர் ஓடும் திசையில், இரு கரைக்கும் குறுக்கே வடங்களை விறைப்பாக இழுத்துக் கட்டினார்கள். இரண்டு படகுகளை 2 அடி இடைவெளியில் அந்த வடத்தோடு பிணைத்தார்கள். படகுக்கு இரண்டு திரிகை, நடு இடைவெளியில் நீர்ச்சக்கரம். அந்த ஜோடிக்குப் பின்னால் அடுத்த ஜோடி, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று வெகுதூரம் வரிசை நீண்டது.

இடத்தைத் தேர்ந்ததில்தான் நுட்பம் இருக்கிறது. பாலத் தூண்கள் ஆற்றை நெருக்குவதால் வளைவுக்கு அடியில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். மேலிருந்து விழும் தண்ணீர் இல்லாதபோது சக்கரத்தைத் தள்ள அந்த வேகம் தேவை. கரையில் நட்ட சக்கரம் ஆறு ஏறினால் மூழ்கும், இறங்கினால் அந்தரத்தில் நிற்கும். படகு தண்ணீரோடு ஏறி இறங்குவதால் சக்கரப் பலகைகள் எப்போதும் ஒரே ஆழத்தில் நனைந்தன.

தப்பி ஓடியவர்கள் மூலம் கோத்துகளுக்கு விஷயம் தெரிந்தது. பெரிய மரங்களையும் கொல்லப்பட்ட ரோமானியரின் உடல்களையும் ஆற்றில் விட்டார்கள். அவை படகுகளுக்கு நடுவே புகுந்து சக்கரங்களை உடைத்தன. இடைவெளி குறுகலாக இருந்ததே வினையாயிற்று. பெலிசாரியஸ் பாலத்துக்கு மேல்புறம், ஆற்றின் முழு அகலத்துக்கும் நீண்ட இரும்புச் சங்கிலிகளைக் கட்டினார். மிதந்து வந்ததெல்லாம் அங்கே தேங்கியது. தேங்கியதை இழுத்துக் கரையில் போடவே தனியாக ஆட்களை நிறுத்தினார், ஏனென்றால் விட்டால் குப்பையின் பாரமே சங்கிலியை அறுத்துவிடும். எதிரி படகில் பாலத்தடியில் நுழைவதையும் அதே சங்கிலி தடுத்தது. அவருக்கு ஆலையைவிட இந்தக் கவலைதான் பெரிது என்கிறார் புரோக்கோப்பியஸ்.

ஆனால் ஆலை மட்டும் ஓடினால் போதாது, தானியமும் வேண்டும். போர்ட்டஸ் துறைமுகத்தைக் கோத்துகள் பிடித்த பிறகு அதுதான் வற்றியது. கோடையில் பஞ்சமும் நோயும் வந்தன. செத்த கோவேறு கழுதை இறைச்சியைக் குடலில் அடைத்துத் திருட்டுத்தனமாக விற்றார்கள். புரோக்கோப்பியஸையே நேப்பிள்ஸுக்கு அனுப்பித் தானியமும் ஆளும் திரட்ட வேண்டியிருந்தது. அந்தத் தானியம் டைபர் முகத்துவாரத்து ஊரான ஆஸ்தியாவிலிருந்து சிறு படகுகளில் டைபர் வழியே நகருக்குள் வந்து சேர்ந்தது.