எந்த மீனுக்கு எந்தக் கல்?
மீன் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

நான்கடித் தொட்டியில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் குடும்ப மீன்களை விடப் போகிறேன். காவிரியில் பொறுக்கிய கூழாங்கல், வீடு கட்டி மிஞ்சிய கருங்கல், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மூன்றும் கைவசம் உள்ளன. எதைப் போடலாம்?
– வாசகர், மயிலாடுதுறை

மூன்றுமே ஆகும். மலாவி மீன்களுக்கு பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.8 முதல் 8.6 வரை உள்ள கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். அதனால் சுண்ணாம்புக்கல் அவற்றுக்குக் கெடுதல் செய்யாது. உங்கள் போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே பிஎச் 8 அளவில் இருந்தால் அந்தக் கல் பெரிதாகக் கரையவும் கரையாது.

கவனிக்க வேண்டியது கருங்கல்லைத்தான். அதில் ஒட்டியிருக்கும் சிமென்ட் பூச்சை உளியால் முழுக்கக் கொத்தி எடுங்கள். புது சிமென்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்புக் காரம் பிஎச்சை 10-க்கு மேல் தள்ளிவிடும், மீனின் செவுள் வெந்துபோகும். பித்தளை போல் மினுக்கும் கோடுகளோ துருக்கறையோ உள்ள கல் எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள். வயல் வாய்க்காலில் கிடந்த கல்லும் வேண்டாம். பூச்சிமருந்து கல்லின் நுண்துளைகளில் தங்கியிருக்கலாம், தேய்த்துக் கழுவினால் மட்டும் அது போகாது.

எந்த வகைக் கல் என்று தெரியாவிட்டால் ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காவிட்டால் உடனே நம்பிவிட வேண்டாம், வினிகர் வீரியம் குறைந்த அமிலம். ஒரு வாளியில் 10 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கல்லைப் போட்டு, இன்னொரு வாளியில் வெறும் ஆர்ஓ தண்ணீர் வைத்து, ஏழு நாள் கழித்து இரண்டிலும் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு), பிஎச் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்தக் கல் கரைவதில்லை.

சுத்தம் செய்ய நார் பிரஷ்ஷும் கொதிநீரும் போதும். சோப்பு கூடாது. கல்லை அடுப்பில் வைத்து வேகவைக்கவும் கூடாது. உள்ளே ஊறியிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும்.

அதே சுண்ணாம்புக்கல்லை ஏஞ்சல் மீன் தொட்டியில் வைக்கலாமா? ஆர்ஓ தண்ணீர் கலந்துதான் விடுகிறேன்.
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம். ஏஞ்சலும் சிக்லிட்தான், ஆனால் தென் அமெரிக்காவின் மென்னீர் மீன். ஆர்ஓ கலந்த தண்ணீர் சுண்ணாம்பை வேகமாகக் கரைக்கும். காசு கொடுத்து இறக்கிய கடினத்தைக் கல் திரும்ப ஏற்றிவிடும். கருங்கல்லோ வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கல்லோ வையுங்கள்.

கல் குவியல் சரிந்து என் சிக்லிட் தொட்டியின் அடிக்கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. இரண்டங்குல மணல் பரப்பி, அதன் மேல்தான் அடுக்கியிருந்தேன். பாரம் கூடிவிட்டதா?
– வாசகர், திருவாரூர்

பாரம் காரணமில்லை, மணல்தான் காரணம். நம் குளத்து ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட் குடும்பம்தான். முட்டையிட அது சேற்றில் குழி பறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியிலும் அதே புத்திதான். வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பி, கல்லின் காலடியை ஒரே ராத்திரியில் காலி செய்துவிடும்.

பாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 40 கிலோ கருங்கல் ஏறக்குறைய 15 லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கிறது. ஆக, தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டுக்குக் கூடுவது 25 கிலோதான். கண்ணாடியை உடைப்பது மொத்த எடையை விட, கூர்முனை ஒன்றில் குவியும் அழுத்தமும் விழுகிற வேகமும்தான்.

இனி வரிசையை மாற்றுங்கள். வெறும் கண்ணாடி மேல் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டு. அதன் மேல் பெரிய கற்கள், தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி. ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் திருப்பி வையுங்கள். கடைசியாகத்தான் மணல். மேல்கல் மூன்று இடத்திலாவது உட்கார வேண்டும். சந்தேகமான இடத்தில் மீன் தொட்டிக்கான சிலிகான் வைத்து ஒட்டி, முழுதாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகானில் மருந்து கலந்திருக்கும், அது ஆகாது.

உயரம் வேண்டுமென்றால் உடைந்த மண்பானையைக் கவிழ்த்து வைக்கலாம். சாயம், வார்னிஷ் பூசாததாக இருக்க வேண்டும். டெல்டாவின் வண்டல் மண்ணில் கல் அபூர்வம், குயவர் வீட்டு ஓட்டாஞ்சில்லுக்குப் பஞ்சமில்லை. எடையும் குறைவு, குகையும் தயார்.

ராமேஸ்வரம் போனபோது கரையில் ஒதுங்கிக் கிடந்த பவளக்கல் எடுத்து வரலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

கூடாது. பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுவது. செத்த துண்டு என்று சொல்லித் தப்ப முடியாது. பிஎச் ஏற்றத்தான் வேண்டும் என்றால் ஒரு கைப்பிடி சுண்ணாம்புக்கல் ஜல்லியைத் துணியில் முடிந்து ஃபில்டருக்குள் வையுங்கள்.