இரண்டு சாம்பல் பச்சைகள்: கேள்வி பதில்

கேள்வி: எவர்கிரீன் ஃபாக், அக்டோபர் மிஸ்ட் என்ற சுவர்ப் பெயிண்டுகள் இரண்டுமே 2022-ஆம் ஆண்டின் நிறமாக அறிவிக்கப்பட்டவை. கைப்பேசியில் ஒன்றுபோலவே தெரிகின்றன. வரவேற்பறைக்கு எது?

பதில்: முதலில் கைப்பேசியைக் கீழே வையுங்கள். ஷெர்வின் வில்லியம்ஸ் பெயிண்ட் நிறுவனத்தின் எவர்கிரீன் ஃபாக்குக்கு ஒளிப் பிரதிபலிப்பு எண் 30. பெஞ்சமின் மூர் நிறுவனத்தின் அக்டோபர் மிஸ்ட்டுக்கு ஏறத்தாழ 46. கறுப்பு 0, வெள்ளை 100 என்ற கணக்கில் இது பெரிய இடைவெளி. முன்னதை வெளிச்சம் குறைந்த அறையில் நான்கு சுவருக்கும் அடித்தால் மூலைகள் கரும்பச்சையாக இருண்டுவிடும். பின்னது நல்ல வெளிச்சத்தில் பச்சையை மறந்து வெறும் சாம்பலாக நிற்கும்; "பச்சைதானே கேட்டோம்" என்று பெயிண்டரிடம் சண்டைக்குப் போவார்கள்.

இரண்டு பெரிய அட்டைகளில் இரண்டு பூச்சு அடித்து, ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டு, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு காலையிலும் மதியத்திலும் விளக்கு போட்ட பிறகும் சுவரில் சாய்த்துப் பாருங்கள். பழைய சுவர்மேலேயே திட்டுத் திட்டாக அடிக்காதீர்கள், சுற்றியுள்ள நிறம் கண்ணை ஏமாற்றும்.

கேள்வி: விளக்கு மாறினால் நிறமும் மாறுமா?

பதில்: மாறும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் இரண்டுமே ஆலிவ் பக்கம் சாயும்.

கேள்வி: எங்கள் தரை செங்கல் சிவப்பு. ஒத்துவருமா?

பதில்: பக்கத்தில் சிவப்பு இருந்தால் பச்சை இன்னும் பச்சையாகத் தெரியும். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, அருகிலுள்ள நிறங்களில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் வேதியியலாளர் செவ்ரூல். 1839-இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். சிவப்புத் தரை பச்சையைத் தூக்கிக் காட்டும் என்பதால், அக்டோபர் மிஸ்ட் உங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: எங்களுக்கும் சிவப்புத் தரைதான். பச்சை அடித்த சுவரின் கீழ்ப்பாதி அழுக்குப் பழுப்பாக இருக்கிறது. செவ்ரூல் சொன்னது தவறா?

பதில்: அவர் சொன்னது கண்ணுக்குள் நடப்பது. உங்கள் வீட்டில் நடப்பது சுவர்மேல். தரையில் பட்ட வெயில் செந்நிறமாகத் திரும்பிச் சுவரில் விழுகிறது; பச்சைப் பூச்சு திருப்பி அனுப்பப் போதிய பச்சையொளி அதில் இல்லாததால் நிறம் செத்துப்போகிறது.

கேள்வி: அப்படியானால் முந்தையவருக்கு நீங்கள் சொன்ன யோசனை?

பதில்: நியாயமான கேள்வி, அவசரப்பட்டுவிட்டேன். அவர் தரையில் நேர் வெயில் விழுகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். விழுந்தால் ஒரு பாயை விரித்துப்போட்டுவிட்டு அட்டையைச் சுவரின் கீழ்ப்பகுதியில் வைத்துப் பார்க்கட்டும்.

கேள்வி: சுவரில் ஈரம் பூத்திருக்கிறது. எந்தப் பச்சை மறைக்கும்?

பதில்: எதுவும் மறைக்காது. முதலில் கசிவை அடைக்க ஆள் பிடியுங்கள்.

கேள்வி: இரண்டையும் கைப்பேசியில் ஒப்பிட நல்ல செயலி எது?

பதில்: அட்டை.

கேள்வி: என் அறையைப் படம் எடுத்து அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம்.