லேப்டாப் பேட்டரி: சார்ஜ் ஏன் நிற்கவில்லை, ஏன் ஏறவில்லை? கேள்வி பதில்

லேப்டாப் சர்வீஸ்தான் என் தொழில். பேட்டரி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த லேப்டாப் வாங்கலாம் என்ற கேள்வி இங்கே வேண்டாம்.

திருச்சியிலிருந்து: வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது சார். முதலில் ஐந்து மணி நேரம் வந்தது, இப்போது ஒன்றரை மணி நேரம்கூட வரவில்லை. இத்தனைக்கும் எப்போதும் சார்ஜரில் போட்டுத்தான் வேலை செய்கிறேன், பேட்டரியைத் தொட்டதே இல்லை. அப்புறம் எப்படித் தேயும்?

எப்போதும் சார்ஜரில் இருந்ததால்தான் தேய்ந்தது. லேப்டாப் பேட்டரி என்பது சில லித்தியம் அயன் செல்கள் சேர்ந்தது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பக்கம் கிராஃபைட் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் அதற்குள் போய் உட்காரும், பயன்படுத்தும்போது வெளியே வரும். கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கும். முதல் சார்ஜிலேயே உண்டாகிற அந்தப் படலம் செல்லுக்குத் தேவைதான். ஆனால் அது வளர்வதை நிறுத்துவதில்லை. வளர வளர லித்தியத்தைத் தின்னும், தின்ற லித்தியம் திரும்ப வராது. கொள்ளளவு குறைவதற்குப் பெரிய காரணம் இதுதான். படலம் தடிக்கத் தடிக்க செல்லின் உள் எதிர்ப்பும், அதாவது மின்சாரம் ஓடுவதற்கு உள்ளேயே இருக்கும் தடையும் கூடும்.

இந்த வளர்ச்சியை வேகப்படுத்துபவை இரண்டு: சூடு, முழு சார்ஜ். செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட்டில் நிற்கும், புதிய வகைகளில் 4.4 வரைகூடப் போகும். அந்த வோல்டேஜில் உள்ளே வேண்டாத வேதிவினைகள் நடந்துகொண்டே இருக்கும். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று: பாதிக்குச் சற்றுக் குறைவான சார்ஜில் 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா வைத்த செல்லில் சுமார் 96 சதவீதம் மிஞ்சும். அதே செல் முழு சார்ஜோடு 40 டிகிரியில் இருந்தால் சுமார் 65 சதவீதம்தான். யாரும் அதைப் பயன்படுத்தவே இல்லை, வெறுமனே இருந்ததற்கே இவ்வளவு. நம் ஊர் மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், ப்ராசஸருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பேட்டரி 40 டிகிரியைத் தொடுவது பெரிய விஷயமே இல்லை. மெத்தை மேல் வைத்து வேலை செய்தால் கேட்கவே வேண்டாம், காற்று போகிற வழியே அடைந்துவிடும்.

ஈரோட்டிலிருந்து: 100% காட்டுகிறது, நாற்பது நிமிஷத்தில் காலி. காட்டுவது பொய்யா?

பொய் இல்லை. இன்று பேட்டரி எவ்வளவு கொள்கிறதோ அதில் 100. வாங்கியபோது கொண்ட அளவில் 100 அல்ல. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து powercfg /batteryreport என்று டைப் செய்து பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 56 வாட் ஹவர், இரண்டாவது 34 என்றால் உங்களிடம் மீதி இருப்பது 61 சதவீதம். பேட்டரி பற்றி யாரிடம் பேசினாலும் இந்த இரண்டு எண்களோடு வாருங்கள்.

மதுரையிலிருந்து: 80%-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது அண்ணே. பேட்டரி போச்சா?

பெரும்பாலும் இல்லை, சார்ஜுக்கு 80-இல் எல்லை வைக்கிற செட்டிங் அது. லெனோவோவில் கன்சர்வேஷன் மோட், ஆசஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங், டெல்லில் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற செட்டிங் திரை) இதற்கு ஓர் இடம் உண்டு. யாரோ ஆன் செய்திருப்பார்கள். அப்படியே விடுங்கள், நல்லதுதான்.

சென்னையிலிருந்து: இந்த 80% அறிவுரையை நான் ஏற்கவில்லை. பேட்டரி தேய்ந்து 80-க்கு வர இரண்டு வருஷம் ஆகும். அந்த இழப்பைத் தவிர்க்க முதல் நாளிலிருந்தே 20 சதவீதத்தை நானே விட்டுக்கொடுப்பதில் என்ன லாபம்?

நல்ல கேள்வி, நின்று பதில் சொல்லலாம். எல்லையை வேண்டியபோது எடுத்துவிடலாம். ஊருக்குப் போகிற அன்று காலையில் 100-க்கு ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். தேய்ந்துபோன 20 அப்படித் திரும்ப வராது. அதோடு, தேய்மானம் 80-இல் நிற்காது. உள் எதிர்ப்பு கூடி, 60-க்குக் கீழே போகும்போது லேப்டாப்பே தடுமாறும்.

அதே நண்பர்: ஆனால் மேக்புக் பேட்டரி 1000 சைக்கிள் வரை 80% தாங்கும் என்று ஆப்பிளே சொல்கிறதே. வாரம் ஐந்து சைக்கிள் என்றாலும் நாலு வருஷம் வருகிறது. பயப்பட என்ன இருக்கிறது?

மொத்தமாக ஒரு முழு சார்ஜ் அளவு செலவானால் அது ஒரு சைக்கிள். அந்தக் கணக்கு பாதிக் கதைதான். மீதிப் பாதி காலமும் சூடும். என் மேஜைக்கு வருகிற ஆபீஸ் லேப்டாப்களில் சைக்கிள் கவுண்ட் ஐம்பதைக்கூடத் தொடாமல் கொள்ளளவு பாதியாகிப் போனவை உண்டு. சார்ஜும் மானிட்டரும் ஒன்றாக இணைக்கிற டாக் பெட்டியில் மாட்டி, மூடி வைத்து ஓட்டியவை. ரிப்போர்ட்டில் சைக்கிளைப் பார்த்தால் புத்தம் புதுசு, கழற்றிப் பார்த்தால் பை மாதிரி உப்பியிருக்கும்.

வேலூரிலிருந்து இடையில் ஒருவர்: சென்னை நண்பர் சொல்வதுதான் சரி. நான் தினமும் சைட்டில் வேலை, ப்ளக் பாயின்ட்டே கிடைக்காது. 80 வைத்தால் மதியமே அணைந்துவிடும்.

உங்களுக்கு 100 வையுங்கள், சந்தேகமே வேண்டாம். வாங்கிய பேட்டரி உபயோகிக்கத்தான். ஏற்றிய சார்ஜைச் சில மணி நேரத்தில் செலவழிக்கிறவருக்கு முழு சார்ஜ் பெரிய கேடு செய்யாது. அது நிறைந்தபடியே வாரக்கணக்கில் சூட்டில் கிடப்பதுதான் கேடு. எல்லை வைக்கச் சொன்னது மேஜையை விட்டு நகராத லேப்டாப்புக்கு. சென்னை நண்பரே, உங்களுடையது நகருமா நகராதா?

அதே சென்னை நண்பர்: நகராது. வீட்டில்தான் வேலை. சரி, கரண்ட் போனால்?

ஒரு மணி நேர கரண்ட் கட்டுக்கு நல்ல நிலையில் இருக்கிற பேட்டரியில் 80 தாராளம். போட்டுவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேரடியாக சார்ஜரில் ஓட்டினால் இந்தச் சண்டையே இல்லையே?

கழற்றக்கூடிய பழைய மாடலில் செய்யலாம். கரண்ட் போன நொடியில் சேமிக்காத வேலை போகும், யுபிஎஸ் இருந்தால் மட்டும் செய்யுங்கள். கழற்றி வைப்பதைப் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். முழுவதும் காலியாக மாதக்கணக்கில் போடாதீர்கள்.

சேலத்திலிருந்து: எனக்கு 60%-இல் நிற்கிறது. என்ன செய்ய?

மதுரைக்குச் சொன்ன பதில்தான். சில மாடல்களில் எல்லை 60.

கடலூரிலிருந்து: ப்ளக்டு இன், நாட் சார்ஜிங் என்று வருகிறது. எல்லை எதுவும் வைக்கவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. முதலில் சார்ஜரைப் பாருங்கள். டெல், ஹெச்பி சார்ஜர் முனைக்குள் ஊசி போல ஒரு பின் நடுவில் இருக்கும். தன் வாட்டேஜ் என்ன என்பதை சார்ஜர் அதன் வழியாகத்தான் லேப்டாப்புக்குத் தெரிவிக்கும். அந்தப் பின் வளைந்தாலோ, உள்ளே அதன் மெல்லிய வயர் அறுந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. டைப் சி என்றால் போன் சார்ஜரை மாட்டியிருக்கிறீர்களா பாருங்கள், 65 வாட் கேட்கும் இடத்தில் 20 வாட் போதாது. அடுத்தது சூடு: ஓர் அளவுக்கு மேல் சூடானால் பேட்டரிக்குள் இருக்கிற சர்க்யூட்டே சார்ஜை நிறுத்திவிடும். ஆற விட்டு முயலுங்கள். மெத்தை மேல் இருந்தால் இறக்குங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் பேட்டரியோ போர்டோ, நேரில்தான் பார்க்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து: 30% இருக்கும்போதே பட்டென்று அணைகிறது.

செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. அதில் ஒன்று பலவீனமானால் மொத்தப் பேட்டரியும் அதன் கையில்தான். நீங்கள் கனமான வேலை கொடுத்ததும் அந்த ஒரு செல்லின் வோல்டேஜ் சரிந்து சர்க்யூட் துண்டித்துவிடும். ஒருமுறை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். காட்டுகிற சதவீதம் திருந்தலாம், கொள்ளளவு கூடாது. மறுபடியும் அணைந்தால் பேட்டரி மாற்றம்தான்.

காரைக்குடியிலிருந்து: ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வருமாமே?

வராது. வைக்காதீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: செத்த பேட்டரிக்கு வெளியிலிருந்து நேரடியாக வோல்ட் கொடுத்து எழுப்பும் வீடியோ பார்த்தேன்.

வேண்டவே வேண்டாம். அடிமட்டத்துக்கும் கீழே இறங்கிய செல்லில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் கொடுக்கும்போது அந்தச் செம்பு உள்ளே படிந்து ஷார்ட் ஆகலாம். தீப்பிடிக்கிற வழி அது. சர்க்யூட் பூட்டியிருப்பது காரணத்தோடுதான்.

கோவையிலிருந்து: டச்பேட் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது, க்ளிக் ஆகவில்லை. டச்பேட் மாற்ற எவ்வளவு ஆகும் அண்ணா?

தம்பி, இதைப் படித்ததும் லேப்டாப்பை அணைத்து சார்ஜரைப் பிடுங்கிவிடு. பெரும்பாலும் அது டச்பேட் கோளாறு இல்லை, அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்தால் அப்படித்தான் தூக்கும். அழுத்தி உட்கார வைக்காதே, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. சர்வீஸில் கொடுத்துப் பேட்டரியை எடுக்கச் சொல். எடுத்த பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடாது, 2022-இல் வந்த விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பு. படிக்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அடிமூடி சமமாக உட்காராமல் ஆடினாலும் இதே சந்தேகம் வர வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

அது லெட் ஆசிட், வேறு உலகம். எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

நெல்லையிலிருந்து: 80-இல் நிற்கிறது...

மேலே மதுரை, சேலம் இரண்டையும் படியுங்கள். 80 பற்றிய கேள்விக்கு இனி பதில் இல்லை.

தர்மபுரியிலிருந்து: பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப், தங்கை இன்னும் அதில்தான் படிக்கிறாள். டூப்ளிகேட் பேட்டரி போடலாமா?

போடலாம், ஆனால் பார்த்து. பழைய பேட்டரியின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பார்ட் நம்பரும் வோல்டேஜும் பொருந்த வேண்டும். 10.8 வோல்ட், 4400 எம்ஏஹெச் என்றால் சுமார் 47 வாட் ஹவர். அதே அளவு பெட்டியில் அதைப்போல இரண்டு மடங்கு என்று லேபிள் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். போட்ட அன்றே பேட்டரி ரிப்போர்ட் எடுத்து எண்களைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். மாற்றித் தருவதென்றால் அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். மெத்தை மேல் வைத்துப் படிக்க வேண்டாம் என்று தங்கையிடமும் சொல்லுங்கள்.